ஒரு ராட்டினம், ஒரு தொழுவம்

சிட்னிக்கு மேற்கே ஹோம்புஷ் விரிகுடாவை ஒட்டிய நிலத்தில் 1988 வரை நியூ சவுத் வேல்ஸ் மாநில அரசின் இறைச்சிக்கூடம் இருந்தது. பக்கத்தில் செங்கல் சூளைப் பள்ளம், குப்பைமேடு. அதையெல்லாம் சுத்தம் செய்துதான் 2000ஆம் ஆண்டு ஒலிம்பிக்கை நடத்தினார்கள். ஓட்டக்காரர்கள் வருவதற்கு இரண்டு ஆண்டு முன்பே, 1998இல், மாடுகள் அங்கே திரும்பி வந்துவிட்டன. இந்த முறை வெட்டுக்கு இல்லை, பார்வைக்கு. சிட்னி ராயல் ஈஸ்டர் ஷோ என்ற விவசாயக் காட்சி அன்றிலிருந்து அங்கேதான் நடக்கிறது. ஈஸ்டரை ஒட்டி 12 நாள். கண்ணபுரம் மாட்டுச் சந்தையையும் தீவுத்திடல் பொருட்காட்சியையும் ஒரே மைதானத்தில் இறக்கி, நடுவில் வேலி போட மறந்துவிட்டால் எப்படி இருக்குமோ அப்படி இருக்கும்.

அக்கா வீடு டூங்காபியில். வென்ட்வொர்த்வில், பெண்டில் ஹில், டூங்காபி என்று அந்த ரயில் பாதையை ஒட்டி ஈழத் தமிழர்களும் நம்மூர்க்காரர்களும் நிறையப் பேர் குடியிருக்கிறார்கள். முருங்கைக்கீரைக்கும் யாழ்ப்பாணத்து மிளகாய்த் தூளுக்கும் அங்கே பஞ்சமில்லை. “மாப்ள, ஷோவுக்கு ஒருநாள் போயே ஆகணும்” என்று மச்சான் நான் போய் இறங்கிய அன்றே சொல்லிவிட்டார். சொன்னவர் அன்றைக்கு வேலை இருக்கிறதென்று நழுவிக்கொண்டார். அக்காவும் நானும் பிள்ளைகள் இருவரும் கிளம்பினோம்.

பிள்ளைகளுக்கு வேண்டியது ராட்டினம். எனக்கு வேண்டியது மாடு. காங்கேயம் பக்கத்துக்காரன் கடல் கடந்து வந்து மாட்டுத் தொழுவத்தைப் பார்க்காமல் திரும்பினால் ஊரில் யாரும் மதிக்கமாட்டார்கள். லிட்கம்பில் வண்டி மாறி ஒலிம்பிக் பார்க் போவதற்குள் அக்கா மகள் ஒரு ஒப்பந்தம் போட்டாள். “மாமா, ஒரு ரைடு, ஒரு மாட்டுக்கொட்டாய். மாத்தி மாத்திப் போலாம்.” வயது பதின்மூன்று, பேரத்தில் அப்படியே எங்கள் அம்மா. அவள் தம்பி ஒன்றும் பேசவில்லை. எந்தக் கடையில் எந்தப் பை வாங்குவது என்று எழுதி வைத்த தாளைப் படித்துக்கொண்டே வந்தான்.

முதல் முறை என்னுடையது. பெரிய ராட்டினத்தைக் கேட்டேன். பிள்ளைகளுக்கு அது கிழவர்கள் ஏறுவது. ஆனால் புது ஊரில் மைதானத்தின் அமைப்பு புரிய அதைவிட நல்ல வழி கிடையாது. 1893இல் சிகாகோ உலகக் கண்காட்சியில் ஃபெர்ரிஸ் என்ற பொறியாளர் முதல் பெரிய சக்கரத்தை நிறுத்தினார். பாரிஸ்காரர்கள் அதற்கு நான்கு ஆண்டு முன்பு நிறுத்திய ஈஃபிள் கோபுரத்துக்குப் பதில் சொல்லியாக வேண்டும் என்ற வீம்பில் பிறந்தது அது. 80 மீட்டர் உயரம், 36 கூண்டுகள், கூண்டுக்கு 60 பேர். இங்கே இருந்தது அதன் பேரன் பேத்தி அளவுதான். ஆனாலும் உச்சிக்குப் போய் நின்றபோது கிழக்கே நகரத்துக் கோபுரங்களும் மேற்கே பரமட்டாவின் கட்டடங்களும் தெரிந்தன. அதற்கும் அப்பால் நீல மலைகளின் கோடு.

பரமட்டா தெரிந்தது பொருத்தம்தான். இந்தக் காட்சி பிறந்த இடம் அது. 1822இல் நியூ சவுத் வேல்ஸ் விவசாயச் சங்கத்தைத் தொடங்கி, மறு ஆண்டு பரமட்டாவில் முதல் காட்சியை நடத்தினார்கள். அப்போது அது கைதிகளின் குடியேற்றம். இங்கிலாந்திலிருந்து கொண்டுவந்த ஆடும் மாடும் இந்த மண்ணில் தேறுமா என்பதே கேள்வியாக இருந்த காலம். இடையில் சங்கம் தளர்ந்து மீண்டது. 1869இல் காட்சி சிட்னிக்குள் பிரின்ஸ் ஆல்பிரட் பூங்காவுக்குப் போனது, 1882இல் மூர் பார்க்குக்கு. நூறு ஆண்டுக்கு மேல் அங்கே நடந்ததால் சிட்னியின் பழைய ஆட்கள் இன்றும் மூர் பார்க்கைத்தான் ‘நிஜ ஷோகிரவுண்டு’ என்பார்கள். 1919இல் ஸ்பானிஷ் காய்ச்சல், 1942 முதல் 1946 வரை மைதானத்தில் ராணுவம், 2020இல் கொரோனா. இவை தவிர நெடுங்காலமாக நிற்காத காட்சி.

அக்கா வீட்டுப் பக்கம் எது என்று பையனுக்கு மேலிருந்து காட்டினேன். அவன் படிக்கும் டூங்காபியில் 1791லேயே அரசாங்கப் பண்ணை வந்துவிட்டது. கைதிகள் காட்டை வெட்டிக் கோதுமையும் சோளமும் போட்ட நிலம். அது தாரக் மக்களின் நிலம். 1797இல் பெமுல்வுய் என்ற வீரன் தன் ஆட்களோடு அந்தப் பண்ணையைத் தாக்கினான். துரத்தி வந்த படையோடு பரமட்டாவில் மோதிக் குண்டடி பட்டும் பிழைத்தான். ஷோ அரங்குகளில் கோதுமைக்கு எத்தனை வகைப் பரிசு என்பதற்குப் பலகை இருக்கிறது. அந்தக் கோதுமை யாருடைய மண்ணில் முளைத்தது என்பதற்கும் ஒரு பலகை வைக்கலாம் என்று எனக்குப் பட்டது.

இறங்கியதும் தொழுவம்.

தொழுவம் என்று நான்தான் சொல்கிறேன். உயரமான கூரை, கழுவிவிட்ட தரை, வரிசை வரிசையாக வைக்கோல் மெத்தை. சாணி விழுந்த அரை நிமிடத்தில் யாராவது முள்ளுக்கரண்டிபோல ஒன்றை எடுத்துக்கொண்டு ஓடி வருகிறார்கள். மாடுகளுக்கு நடக்கும் சிங்காரத்தைப் பார்த்து அக்கா வாயில் கை வைத்துக்கொண்டாள். சோப்புப் போட்டுக் குளிப்பாட்டி, முடி உலர்த்தும் எந்திரத்தால் காற்றடித்து, கால் முடியைச் சீவி நிமிர்த்தி விடுகிறார்கள். கறுப்பு ஆங்கஸ், வெள்ளை முகத்து ஹெர்ஃபோர்டு, சாம்பல் நிற முர்ரே கிரே. எல்லாம் அகன்று தாழ்ந்த உடம்பு. பக்கவாட்டில் பார்த்தால் செவ்வகம். திமில் கிடையாது. நம் கண்ணுக்கு முதலில் ஏதோ குறைகிறது.

அந்தக் குறை கடைசி வரிசையில் தீர்ந்தது. திமிலும் தொங்கும் அலைதாடியும் நீண்ட காதுமாக ஒரு சாம்பல் நிறப் பொலிகாளை. பிராமன் இனம் என்று எழுதியிருந்தது. நம் நாட்டு நெல்லூர் மாடு, குஜராத்தின் கிர், காங்கிரேஜ் முதலியவற்றை அமெரிக்காவுக்குக் கொண்டுபோய்க் கலந்து உண்டாக்கிய இனம் அது. 1933இல் அங்கிருந்து குவீன்ஸ்லாந்துக்கு வந்தது. இங்கிலாந்து மாடுகள் வடக்கின் வெயிலுக்கும் உண்ணிக்கும் சுருண்டு விழுந்தபோது அரசாங்க விஞ்ஞானிகள் வரவழைத்தார்கள். மாட்டுக்காரர்களில் பலர் ஆரம்பத்தில் இந்தத் திமிலை ஏளனம் செய்தார்கள். இன்று வட ஆஸ்திரேலியாவின் மந்தைகளில் பெரும்பாலானவற்றில் இந்த ரத்தம் ஓடுகிறது. அந்தக் காளையின் கழுத்தைச் சொறிந்து கொடுத்தேன். உடையவர் தொப்பியை லேசாகத் தூக்கினார். ஊரில் மாடு இருக்கிறது என்றேன். எத்தனை தலை என்று கேட்டார். இரண்டு என்று சொல்ல ஒரு மாதிரியாக இருந்தது. அவரிடம் ஆயிரத்துக்கு மேல்.

வெளி வளையத்தில் தீர்ப்பு நடந்துகொண்டிருந்தது. நம் சந்தையில் மாட்டைப் பிடித்தால் பல்லைப் பார்ப்பார்கள், சுழி பார்ப்பார்கள். விலையைத் துண்டுக்குள் கைவிட்டு விரலைப் பிடித்துப் பேசுவார்கள். பக்கத்தில் நிற்பவனுக்குக்கூடத் தெரியாது. இங்கே நடுவர் மாட்டைச் சுற்றி வந்து, நடக்கவிட்டுப் பார்த்து, முதுகில் கை வைத்து அழுத்திப் பார்த்துவிட்டு, ஒலிபெருக்கியில் காரணம் சொல்கிறார். இதற்கு முதலிடம் ஏன், அதற்கு மூன்றாமிடம் ஏன், பின்னங்கால் எங்கே வளைகிறது, இடுப்புச் சதை எங்கே குறைகிறது எல்லாம் ஊரறிய. தோற்றவர்கள் மாட்டைப் பிடித்தபடி முகம் மாறாமல் கேட்டுக்கொண்டு நிற்க வேண்டும். எது மேல் என்று கேட்டால் துண்டு வியாபாரம்தான் மானத்தைக் காப்பாற்றும் என்பேன். ஆனால் மாட்டைப் பற்றிக் கற்றுக்கொள்ள ஒலிபெருக்கி நல்லது.

அங்கேதான் பள்ளிக்கூடச் சீருடையில் ஒரு பெண் செவலை நிற இளங்காளை ஒன்றுக்கு வாலைச் சீவிக்கொண்டிருந்தாள். மாநிலத்தின் பல பள்ளிகளில் விவசாயம் ஒரு பாடம். மாணவர்கள் காயடித்த கன்றை வளர்த்துப் பழக்கிக் காட்சிக்குக் கொண்டுவருகிறார்கள். அக்கா மகள் அவளிடம் பேச்சுக் கொடுத்தாள். பெயர் என்ன, கடிக்குமா, இரவில் எங்கே தூங்கும் என்று கேட்டுக்கொண்டே வந்தவள், ஷோ முடிந்ததும் பண்ணைக்குத் திரும்பிவிடுமா என்றும் கேட்டுவிட்டாள். இல்லை, அது இறைச்சிப் போட்டிக்குப் போகிறது என்றாள் அந்தப் பெண். உயிரோடு ஒரு தீர்ப்பு, வெட்டிய பிறகு உரித்த உடலுக்கு ஒரு தீர்ப்பு. இரண்டையும் சேர்த்து மதிப்பெண். சொல்லும்போது சீவுவதை அவள் நிறுத்தவில்லை. அக்கா மகள் என்னைப் பார்த்தாள். நான் என்ன சொல்ல? ஏர் ஓட்டி முடித்த எருதைச் சந்தைக்கு ஓட்டிவிட்டு, அது எங்கே போகிறதென்று தெரியாதது போல வீடு திரும்பும் ஊரிலிருந்து வந்தவன் நான். அந்தப் பெண் தெரிந்தே சீவுகிறாள். அதில் ஒரு நேர்மை இருக்கிறது என்று நினைத்தேன். அக்கா மகளிடம் அதைச் சொல்லவில்லை.

அடுத்த ராட்டினத்துக்கு அவள் தானாகவே வேகமாக நடந்தாள்.

கார்னிவல் பகுதிக்குள் நுழைந்தால் காது போய்விடும். ஒவ்வொரு ராட்டினமும் தனித்தனிப் பாட்டு. ஆளை அழைக்கும் குரல் வேறு. நுழையுமுன் ஓர் அட்டையில் பணம் ஏற்றிக்கொள்ள வேண்டும், ஏறும் இடத்தில் அதைத் தேய்த்தால் கழிந்துகொள்ளும். கையில் காசு கொடுத்தால் வலிக்கும். அட்டையைத் தேய்த்தால் வலிக்காது. கண்டுபிடித்தவன் கெட்டிக்காரன். ஒரு சுற்றுக்குப் பத்து டாலருக்கு மேல் கேட்கும் ராட்டினங்கள் உண்டு. அக்கா அதை ரூபாயில் பெருக்கிப் பார்ப்பதை எப்போதோ விட்டுவிட்டாள். எனக்கு இன்னும் விடவில்லை.

முதலில் இடிகார். தலைக்கு மேலே கம்பிவலை, காரின் பின்னால் நட்ட கம்பம் அதை உரசி மின்சாரம் எடுக்கிறது. நூறு ஆண்டாகியும் இந்தப் பொறி அதிகம் மாறவில்லை, மாற அவசியமும் இல்லை. மற்ற நாளெல்லாம் சிவப்பு விளக்குக்குப் பத்தடி முன்பே நின்று வழிவிடும் சிட்னிக்காரர்கள் இங்கே வந்து அறிமுகமில்லாதவரை வேண்டுமென்றே மோதிச் சிரிக்கிறார்கள். அக்கா ஒரு போலீஸ்காரர் மாதிரியான ஆளைத் துரத்தித் துரத்தி இடித்தாள்.

பிறகு கிராவிட்ரான். மூடிய வட்ட அறை. உள்ளே சுவரெல்லாம் சாய்வான மெத்தைப் பலகைகள். சாய்ந்து நிற்க வேண்டியதுதான், கட்டுவதற்குப் பட்டை கிடையாது. 1983இல் அமெரிக்காவில் வந்த ராட்டினம் இது. நிமிடத்துக்கு 24 சுற்று வரை சுழலும். அந்த வேகத்தில் நம் எடையைப் போல மூன்று மடங்கு நம்மைச் சுவரோடு அழுத்தும். சுழலத் தொடங்கிய கொஞ்ச நேரத்தில் முதுகு பலகையோடு ஒட்டிக்கொண்டது. கையைத் தூக்கப் பார்த்தேன், வரவில்லை. கன்னம் காதுப்பக்கம் ஒதுங்கியது. பலகை மேலே நழுவ, கால் தரையை விட்டது. பையன் எப்படியோ தலைகீழாகத் திரும்பிக் கூவிக்கொண்டிருந்தான். அறையின் நட்டநடுவில் ஒரு மேடை. ராட்டினத்தை ஓட்டும் இளைஞன் அங்கே உட்கார்ந்து பாட்டை மாற்றிக்கொண்டிருந்தான். மையத்தில் இருப்பவனுக்கு இந்த விசை அநேகமாக இல்லை. நாங்கள் சுவரில் பல்லிபோல ஒட்டிக் கிடக்க, அவன் காகிதக் கோப்பையிலிருந்து காப்பி குடித்தான்.

கீழே இறங்கி உலகம் நிற்கும்வரை கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபோது, வாசலில் அட்டை தேய்த்துவிடும் அம்மாளோடு பேச்சு வந்தது. ஓட்டுகிறவன் அவர் மகன். அவர் அப்பாவும் தாத்தாவும் இதே தொழில். வீடு கேரவன் வண்டியில்; அது ராட்டினங்களுக்குப் பின்னால் வரிசையாக நின்ற வண்டிகளில் ஒன்று. குளிர்காலத்தில் வடக்கே டார்வின், ஆகஸ்டில் பிரிஸ்பேன், பிறகு அடிலெய்டு, மெல்பர்ன், பெர்த் என்று இந்த நாட்டின் விவசாயக் காட்சிகளைத் தொட்டுத் தொட்டுத்தான் ராட்டினக்காரர்களின் ஆண்டு ஓடுகிறது. இப்படி ஓடும் குடும்பத்துப் பிள்ளைகளுக்காகவே குவீன்ஸ்லாந்து அரசு 2000இல் லாரியில் நகரும் பள்ளி ஒன்றைத் தொடங்கியது; 2012இல் மூடியது.

அக்காவுக்கு வேறு கவலை. “இதையெல்லாம் யாராவது செக் பண்றாங்களா?” கவலை நியாயம்தான். 2014இல் அடிலெய்டு காட்சியில் ராட்டினத்திலிருந்து தூக்கி எறியப்பட்டு எட்டு வயதுச் சிறுமி ஒருத்தி இறந்தாள். இங்கே ஒவ்வொரு ராட்டினத்தையும் மாநிலத்தின் பாதுகாப்பு ஆணையத்தில் பதிய வேண்டும், பராமரிப்புப் பதிவேடு கூடவே இருக்க வேண்டும். அந்த அம்மாள் பதிவேட்டைக் காட்டட்டுமா என்று கேட்டார். குரலில் கோபம் இல்லை. தினமும் கேட்கிற கேள்வி போலிருந்தது.

மாட்டுக்காரரும் ராட்டினக்காரரும் ஒரே ஜாதி என்று எனக்கு அப்போதுதான் பட்டது. பாட்டன் தொழில், லாரியில் ஏற்றி வந்த உடைமை, 12 நாளும் அதன் பக்கத்திலேயே படுக்கை. நகரத்துக்காரர்கள் இரவு ரயிலேறிப் போனபின் மைதானத்தில் மிஞ்சுவது இந்த இரண்டு கூட்டம்தான். ராட்டினம் வந்து விவசாயக் காட்சியைக் கெடுத்துவிட்டது, இது வெறும் வியாபாரம் ஆகிவிட்டது என்ற முனகல் சிட்னியில் உண்டு. நான் ஒப்பமாட்டேன். ராட்டினம் இல்லாவிட்டால் அக்கா மகள் அந்தச் செவலைக் காளையைப் பார்த்திருக்கவே மாட்டாள்.

பசி. கிராமப் பெண்கள் சங்கத்தின் தேநீர்க்கூடத்தில் வரிசை நீளம். 1922இல் தொடங்கிய சங்கம். தன்னார்வலர்களாக வரும் நாட்டுப்புறத்துப் பெண்மணிகள் சூடான ஸ்கோனில் ஜாமும் பாலேடும் வைத்துத் தருகிறார்கள். பன்னுக்கும் பிஸ்கட்டுக்கும் நடுவில் ஒன்று. நன்றாக இருந்தது. பிள்ளைகள் டாக்வுட் டாக் கேட்டார்கள்: குச்சியில் குத்திய சாசேஜை மாவில் தோய்த்துப் பொரித்து, தக்காளி சாஸில் முக்குவது. நம் பஜ்ஜி மாவு பாவம், அதற்கு அண்ணன் என்று சொல்ல மனம் வரவில்லை. பஞ்சுமிட்டாய் மட்டும் எந்த ஊரிலும் பஞ்சுமிட்டாய்தான். அதற்கான எந்திரத்தை 1897இல் கண்டுபிடித்த இருவரில் ஒருவர் பல் வைத்தியர். தொழிலுக்கு வழி செய்துகொண்டார் போல.

ஒப்பந்தப்படி அடுத்தது தொழுவம். நான் அதை மரம் வெட்டும் அரங்குக்கு மாற்றிக்கொண்டேன். வெள்ளைக் கால்சட்டையும் பனியனுமாக வெட்டுகிறவர்கள். படுத்த கட்டையின் மேல் ஏறி நின்று தன் இரு பாதங்களுக்கு நடுவே கோடரியை இறக்குவது ஒரு போட்டி. இன்னொன்றில் நட்டுவைத்த உயரமான மரத்தில் பள்ளம் வெட்டி, அதில் பலகையைச் செருகி, அதன் மேல் ஏறி அடுத்த பள்ளம் வெட்டி, உச்சியிலுள்ள கட்டையைத் துண்டாக்க வேண்டும். அழகு அதன் கணக்கில் இருக்கிறது. நடுவர் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிக்கொண்டே போவார். சுமாரானவன் மூன்றில் தொடங்குவான். சூரன் தன் எண் வரும்வரை கோடரியை ஊன்றி நிற்க வேண்டும். பக்கத்துக் கட்டைகளில் சில்லுகள் பறந்து பாதிக்குமேல் போயிருக்கும்போதுதான் அவன் முதல் வெட்டு. நாங்கள் பார்த்த ஆட்டத்தில் கடைசியாகத் தொடங்கிய நரைத்த ஆள் எல்லோரையும் முந்தினார். ராட்டினத்தில் கத்தாத நான் அங்கே கத்தினேன். பையன் என்னை விட்டுத் தள்ளி நின்றான்.

மரத்தால் ஆன பெரிய குவிமாடத்துக்குள் மாவட்டக் காட்சிகள். மாநிலத்தை நான்காகப் பிரித்து, தென்கிழக்குக் குவீன்ஸ்லாந்தை ஐந்தாவதாகச் சேர்த்து, ஒவ்வொரு வட்டாரமும் தன் விளைச்சலைக் கொண்டு சுவர் உயரத்துக்கு ஓர் ஓவியம் அமைக்கிறது. பூசணி, ஆப்பிள், தானியம் நிறைந்த கண்ணாடிக் குடுவைகள், கம்பளி, தேன் என்று ஆயிரக்கணக்கான உருப்படிகள். வறட்சி ஆண்டிலும் வெள்ள ஆண்டிலும் எங்கிருந்தோ தேடிக் கொண்டுவந்து சேர்த்துவிடுகிறார்கள். அக்கா பூசணிகளுக்கு முன்னால் வெகுநேரம் நின்றாள். “இதுல ஒண்ணு கெடச்சா மார்கழி முழுக்கக் கோலத்துக்கு வெக்கப் பூ பறிச்சுக்கலாம்” என்றாள். டூங்காபியில் மார்கழி என்றால் நடுக்கோடை.

பை கடைகள் தனி மண்டபம். ஒரு காலத்தில் கம்பெனிகள் மாதிரிக்காக இலவசமாகக் கொடுத்த பைகள்தான் இன்று காசுக்கு விற்கும் ஷோ பேக். இதில் பெர்ட்டி பீட்டில் என்ற வண்டு வடிவச் சாக்லேட்டுக்கு மவுசு. 1963இல் வந்தது, கடைகளில் தேடினால் அகப்படாது, பெரும்பாலும் இப்படிப்பட்ட காட்சிகளின் பைகளில்தான் வாங்க முடியும். பையன் தாளில் எழுதியதை எழுதியபடி வாங்கினான். ஒன்றுகூட மாற்றவில்லை. இந்தக் கட்டுப்பாடு எங்கள் குடும்பத்தில் யாரிடமிருந்து வந்தது என்று அக்காவும் நானும் யோசித்தோம். மச்சான் பக்கமாக இருக்கும்.

இருட்டிய பிறகு ராட்டினங்கள்தான் மைதானத்தை ஆண்டன. பகலில் துருவும் பெயிண்ட் உரிந்த இடமும் தெரிந்தவை, விளக்கு போட்டதும் புதுசாகிவிட்டன. சிரிக்கும் கோமாளித் தலைகள் வாயைத் திறந்தபடி வலமும் இடமும் திரும்பிக்கொண்டிருக்க, அக்கா மகள் பந்தைப் போட்டுப் போட்டுக் கடைசியில் ஒரு துணிப் பாம்பைப் பிடித்தாள். கிராவிட்ரானுக்கு மறுபடி போக வேண்டும் என்று பையன் இழுத்தான். அதே அம்மாள் அடையாளம் கண்டு சிரித்தார். ஷோ முடிந்ததும் எங்கே போவீர்கள் என்று அவன் கேட்டான். கழற்றி ஏற்ற வேண்டும், அப்புறம் ஹாக்ஸ்பரி ஷோ, கிளாரெண்டனில், என்றார்.

“மாமா, கிளாரெண்டன் நம்ம வீட்டுலருந்து ரயில்லயே போயிடலாம்!”

“மாமா அதுக்குள்ள ஊருக்குப் போயிருவாரு” என்றாள் அக்கா. “மொதல்ல அந்த அட்டையில எவ்வளவு மிச்சம் இருக்குன்னு பாரு.”

இரண்டு பேர் ஏற இருந்தது. அக்கா தன் கைப்பையை என்னிடம் கொடுத்துவிட்டுப் பையனோடு வரிசையில் போய் நின்றாள்.